நல்ல லாப் டைம் எது? ட்ராக் டே தொடங்குகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

"அண்ணை, 2:20 நல்ல டைமோ?"

சென்னைக்குப் போய் மோட்டார் சைக்கிளில் முதல் ட்ராக் டே ஓடிவிட்டு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பாதையை ஒருமுறை சுற்றிவர எடுக்கிற நேரம்தான் லாப் டைம்; 2:20 என்றால் 2 நிமிடம் 20 செக்கன். ஓம் என்றோ இல்லை என்றோ இதற்குப் பதில் சொல்ல ஏலாது. எந்தப் பாதை, எந்த வண்டி, முன்னுக்கு ஆள் மறித்ததா, மற்றச் சுற்றுகள் எவ்வளவு வந்தன என்று திருப்பி நாலைந்து கேள்வி கேட்கவேண்டி வரும். அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கிற கணக்கைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ட்ராக் டே பந்தயம் அல்ல. ஓட்டப்பாதை ஒன்றை நாள் முழுக்க எடுத்து, ஓடவருகிறவர்களைப் புதியவர், நடுத்தரம், வேகமானவர் என்று பிரித்து, ஒவ்வொரு குழுவையும் 15 அல்லது 20 நிமிடம் மாறி மாறி விடுவார்கள். பரிசு கிடையாது, முதலிடமும் கிடையாது. மஞ்சள் கொடி காட்டினால் முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது, ஆறுதலாகப் பிட்டுக்கு, அதாவது வண்டிகளை நிறுத்துகிற பகுதிக்கு, திரும்பவேண்டும். கட்டம் போட்ட கொடி என்றால் அந்த செஷன் முடிந்தது. இங்கிலாந்தில் பல ட்ராக் டேக்களில் நேரம் அளக்கிற கருவியையே பூட்ட விடுவதில்லை. நேரத்தைக் கண்டவுடன் ஆட்கள் பந்தயம் ஓடத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே அளக்க முதல், போகிற இடத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் அப்படியொரு பாதை இல்லை. நாட்டுக்குள் தார்ப்பாதை என்றால் களுத்துறைப் பக்கம், பழைய விமான ஓடுபாதையான கட்டுகுருந்த இருக்கிறது. அனுராதபுரத்துச் சாலியபுரவில் நடப்பது மண் பாதைப் பந்தயம், அது வேறு கலை. சரியான சுற்றுப்பாதை என்றால் எங்களுக்குச் சென்னைதான் கிட்ட. பலாலியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம் அளவில் போய்விடலாம். கட்டுகுருந்தவுக்கு வீதியால் போவதென்றால் அரைநாள் கரைந்துவிடும். ஆனால் உங்கள் வண்டியை விமானத்தில் ஏற்ற முடியாது என்பதால், வாடகைக்கு வண்டி தரும் பயிற்சிப் பள்ளியைத்தான் தேடவேண்டும். வேறொருவரின் வண்டி என்பதும் லாப் டைமைப் பாதிக்கிற விஷயம்தான்.

1.6 கிலோமீற்றர்

லாப் டைம் என்பது மிகச் சாதாரண வகுத்தல் கணக்கு: பாதையின் நீளத்தைச் சராசரி வேகத்தால் வகுத்தால் வருவது. சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையிலுள்ள மெட்ராஸ் சர்வதேச ஓட்டப்பாதை 3.717 கிலோமீற்றர் நீளம். அதை ஒருவர் 2 நிமிடம் 10 செக்கனில் சுற்றினால் அவருடைய சராசரி வேகம் மணிக்கு 102.9 கிலோமீற்றர். 2 நிமிடம் 8 செக்கனில் சுற்றினால் 104.5. அதாவது, முழுதாக இரண்டு செக்கன் குறைப்பதற்குத் தேவைப்படுவது மணிக்கு 1.6 கிலோமீற்றர் மட்டும்.

தொடங்குகிறவர்கள் நேர்ப்பாதையில் வேகமானி காட்டிய உச்ச எண்ணைத்தான் நினைவில் வைத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் வீதிப் பழக்கம் அது. கொழும்பிலிருந்து எத்தனை மணித்தியாலத்தில் வந்தேன், முறிகண்டிக்குப் பிறகு எவ்வளவு முறுக்கினேன் என்ற கதைதான் எங்களுக்குத் தெரிந்த கதை. மாட்டுவண்டிச் சவாரியும் நேர்கோட்டில் ஓடுவதுதான்; அங்கே வேகம் ஒன்றே போதும். சுற்றுப்பாதையில் நேர்ப்பாதை வேகத்தைப் பெரும்பாலும் எஞ்சின் தீர்மானித்துவிடுகிறது. அக்சிலேற்றரைக் கடைசிவரை முறுக்கிப் பிடிப்பது யாராலும் ஏலும். ஓட்டுகிறவர் கூட்டிக் குறைக்கக்கூடிய நேரம் கிடப்பது மெதுவான இடங்களில்தான். ஒரு மீற்றரை மணிக்கு 150 கிலோமீற்றரில் கடப்பதைவிட 50 இல் கடக்க மூன்று மடங்கு நேரம் எடுக்கும் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும்.

ஆனால் மெதுவான இடம் எல்லாம் ஒரே பெறுமதி உடையதல்ல. ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். வளைவு ஒன்று, அதன் பின் 300 மீற்றர் நேர்ப்பாதை, சின்ன எஞ்சின் வண்டி. ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 1.5 மீற்றர் என்று மாறாமல் வைத்துக்கொள்வோம். வளைவை விட்டு 60 இல் வெளியேறினால் அந்த 300 மீற்றரைக் கடக்க 11.8 செக்கன். 65 இல் வெளியேறினால் 11.3 செக்கன். கிட்டத்தட்ட அரைச் செக்கன் மிச்சம், நேர்ப்பாதையின் முடிவில் வேகமும் கூட.

இப்போது அதே நேர்ப்பாதையின் முடிவில் 125 இலிருந்து 60 க்கு இறங்கவேண்டும். வழக்கமாக 80 மீற்றர் முன்பு பிறேக் பிடிக்கிறவர், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு 70 மீற்றரில் பிடிக்கிறார் என்று வைப்போம். அதே இடத்தில் அதே 60 க்கு இறங்கியும் விடுகிறார். அவர் மிச்சம் பிடித்தது எவ்வளவு? 0.1 செக்கன். பிறேக்கைப் பத்து மீற்றர் தள்ளுவது நெஞ்சு படபடக்கிற வேலை, பிழைத்தால் பாதைக்கு வெளியே போய்விடுவீர்கள். வளைவிலிருந்து மணிக்கு ஐந்து கிலோமீற்றர் கூடுதலான வேகத்தில் வெளியேறுவதோ வெளியே இருந்து பார்ப்பவருக்குக் கண்ணிலேயே படாது. ஆனால் அது நாலு மடங்குக்கு மேல் தருகிறது. கணக்கில் காற்றுத்தடையை, கியர் மாற்றுகிற நேரத்தை எல்லாம் விட்டிருக்கிறேன். உண்மைப் பாதையில் எண்கள் மாறும், விகிதத்தின் போக்கு மாறாது.

இதனால்தான் பயிற்றுநர்கள் எல்லா வளைவையும் சமமாக நடத்துவதில்லை. நீளமான நேர்ப்பாதைக்கு முந்திய வளைவுதான் அவர்களுக்கு முதல் வளைவு. அடுத்தடுத்து மூன்று வளைவு வந்தால் கடைசியைக் காப்பாற்ற முதல் இரண்டையும் விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள்.

சாய்வும் ஆரையும்

வளைவில் ஏன் ஒரு வேகத்துக்கு மேல் போக ஏலாது என்பதை உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். வட்ட இயக்கம், மையநாட்ட ஆர்முடுகல். சாய்வுக் கோணத்தின் தான்சன், வேகத்தின் வர்க்கத்தை ஆரையாலும் புவியீர்ப்பு ஆர்முடுகலாலும் வகுத்தால் வருவதற்குச் சமன். திணிவு வெட்டுப்பட்டுப் போய்விடும் என்பதையும் கவனியுங்கள்.

எண்ணில் சொன்னால், 30 மீற்றர் ஆரையுள்ள பாதையில் 35 பாகை சாய்ந்தால் மணிக்கு 52 கிலோமீற்றர். 45 பாகை சாய்ந்தால் 62. ரயர் தடிப்பு உள்ளதால் உண்மையில் வண்டி இன்னும் கொஞ்சம் கூடவே சாயவேண்டும்.

இனி மற்றப் பக்கத்தால் பாருங்கள். அதே 35 பாகைச் சாய்வை வைத்துக்கொண்டு, பாதையின் அகலத்தை முழுதாகப் பயன்படுத்தி ஆரையை 30 இலிருந்து 40 மீற்றராக்கினால் வேகம் 60 ஆகிறது. பழைய 30 மீற்றர் கோட்டிலேயே நின்று 60 எடுக்க நினைத்தால் 43 பாகை சாயவேண்டும். ஒரு பக்கம் கூடுதல் எட்டுப் பாகை ஆபத்து. மற்றப் பக்கம் வெளி விளிம்பிலிருந்து உள்ளே வந்து மறுபடி வெளி விளிம்புக்குப் போகிற ஒழுங்கு. முழங்கால் தரையில் உரசுகிற படத்துக்காகச் சாய்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். படம் வடிவாக இருக்கும், நேரம் இருக்காது.

எங்கள் வீதிகளில் ஓடிப் பழகியவருக்கு இந்தக் கோடு இயல்பாக வராது, அதற்கு நல்ல காரணமும் உண்டு. வீதியில் எங்களுக்கு இருப்பது இடது பாதி மட்டும். வளைவின் மறுபக்கத்தில் பஸ் வரலாம், மாடு நிற்கலாம், கரையில் மணல் கிடக்கலாம். ஆகவே முழு அகலத்தையும் பாவிப்பது ட்ராக்கில் புதிதாகக் கற்கவேண்டிய பழக்கம். திரும்பி வந்து பருத்தித்துறை வீதியில் மறந்துவிடவேண்டிய பழக்கமும்கூட.

வளைவின் உள்விளிம்பை நீங்கள் தொடுகிற இடத்தை அபெக்ஸ் என்பார்கள். புதியவர் எல்லோரும் அதை முந்தியே தொட்டுவிடுகிறார்கள். வளைவைக் கண்டதும் பயத்தில் உள்ளே இழுத்துவிடுவதுதான் காரணம். முந்தித் தொட்டால் வெளியேறும்போது பாதை முடிந்துவிடும், அக்சிலேற்றரைத் திறக்க இடமிருக்காது. கொஞ்சம் பொறுத்துப் பிந்தித் திருப்பினால், அபெக்ஸைத் தொடும்போதே வண்டியின் முகம் நேர்ப்பாதையைப் பார்த்துவிடும். வண்டி நிமிர நிமிர அக்சிலேற்றரைத் திறக்கலாம். ரயரின் பிடிமானம் ஓர் எல்லைக்கு உட்பட்டது; சாய்வுக்கு எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு பிறேக்குக்கும் அக்சிலேற்றருக்கும் குறைந்துபோகும். மேலே பார்த்த அந்த 65 கிடைப்பது இப்படித்தான்.

பிந்தித் திருப்புவதற்கு எங்கே திருப்புவது என்று தெரியவேண்டும். அதற்குப் பாதையில் அசையாத அடையாளங்கள் வேண்டும்: தூரப் பலகை, தார் ஒட்டு, விளிம்புக் கல். பிறேக் தொடங்குகிற இடம், திருப்புகிற இடம், அபெக்ஸ், வெளியேறுகிற இடம் என்று வளைவுக்கு நாலு. நிழலையும் நிறுத்தியிருக்கிற வாகனத்தையும் அடையாளமாக வைக்காதீர்கள், இரண்டும் நகரும். ஓர் அடையாளத்தை அடைய முதலே கண் அடுத்ததற்குப் போய்விடவேண்டும். முன்சில்லுக்குக் கீழே பார்த்துக்கொண்டு ஓடினால் எல்லாமே அவசரமாக வருவதுபோலத் தோன்றும்.

பிறேக்கை விட்டபடியே வளைவுக்குள் நுழைகிற முறை ஒன்று உண்டு. வேகமானவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். முதல் நாளில் அதற்குப் போகவேண்டாம். வண்டி நிமிர்ந்திருக்கும்போதே பிறேக்கை முடித்துவிட்டுத் திருப்புங்கள்.

யாருடைய நேரம் நல்லது?

இரண்டு பேர் ஒரே செஷனில், ஒரே வகை வண்டியில் ஓடுகிறார்கள் என்று வைப்போம். முதலாமவருக்கு 2:18, 2:25, 2:21, 2:29. இரண்டாமவருக்கு 2:21.4, 2:21.9, 2:21.2, 2:21.8. பிட்டுக்குள் வந்ததும் முதலாமவர்தான் கதைப்பார், 2:18 அல்லவா. என் பார்வையில் இரண்டாமவர்தான் முன்னுக்கு நிற்கிறார். சராசரியிலும் அவர்தான் ஒன்றரைச் செக்கனுக்கு மேல் வேகம், ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. அவர் தான் செய்வதைத் திரும்பச் செய்யத் தெரிந்தவர். நாளைக்கு அபெக்ஸைக் கொஞ்சம் பிந்தித் தொட்டுப் பார்த்து 2:20.8 வந்தால், அந்த மாற்றத்தால்தான் வந்தது என்று நம்பலாம். முதலாமவருக்கு 2:20 வந்தாலும் 2:27 வந்தாலும் எதனால் என்று தெரியாது. பதினொரு செக்கன் அலைகிற இடத்தில் அரைச் செக்கன் முன்னேற்றம் தெரியவே தெரியாது. சில வேளை அந்த 2:18 உம் வேகமான ஒருவரின் பின்னால் இழுபட்டுப் போனதாக இருக்கலாம்.

ஆகவே தொடங்குகிறவர் பார்க்கவேண்டிய முதல் எண், மறிப்பு இல்லாமல் ஓடிய சுற்றுகளில் கூடியதற்கும் குறைந்ததற்கும் உள்ள இடைவெளி. அது இரண்டு செக்கனுக்குள் வரும்வரை சிறந்த சுற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். இதற்குச் சுற்றுகளும் நிறையக் கிடைக்காது. 20 நிமிட செஷனில் 2:20 ஓடுகிறவருக்கு எட்டுச் சுற்று. ரயர் சூடேற்றும் முதல் சுற்றையும் உள்ளே திரும்பும் கடைசிச் சுற்றையும் கழித்தால் ஆறு. அதில் இரண்டில் யாராவது மறிப்பார்கள். மிச்சம் நாலு.

பாதையை மூன்று துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்தால் இன்னும் தெளிவு வரும். மேலே சொன்ன இரண்டாமவரின் சிறந்த துண்டுகள், வெவ்வேறு சுற்றுகளில், 42.0, 51.3, 46.8 செக்கன் என்று வைத்தால் கூட்டுத்தொகை 2:20.1. அவருடைய சிறந்த முழுச் சுற்று 2:21.2. இடையிலுள்ள 1.1 செக்கனுக்குப் புதிய திறமை எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே செய்துகாட்டியதை ஒரே சுற்றில் சேர்த்தால் போதும். இந்த இடைவெளி பெரிதாக உள்ளவர் சேர்ப்பதில் கவனம் செலுத்தவேண்டும். இடைவெளி மிகச் சிறிதாகி, நேரமும் குறையாமல் நின்றால்தான் கோட்டையோ உடம்பை வைக்கிற விதத்தையோ மாற்றவேண்டிய கட்டம் வந்திருக்கிறது.

மற்றவரோடு ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் விழுக்காட்டில் ஒப்பிடுங்கள். அதே வண்டி வகையில் பயிற்றுநர் 2:10 ஓடி, நீங்கள் 2:23 ஓடினால் நீங்கள் 110 விழுக்காட்டில் நிற்கிறீர்கள். பிறகு கோயம்புத்தூர்ச் செட்டிபாளையத்துக் கரி பாதைக்குப் போனால் அது 2.1 கிலோமீற்றர்தான், செக்கன் வித்தியாசம் தானாகவே சுருங்கிவிடும். அதை முன்னேற்றம் என்று நம்பிவிடக்கூடாது. விழுக்காடு ஏமாற்றாது. வேறு வண்டிக்காரனோடு ஒப்பிடுவதில் பிரயோசனமே இல்லை. 155 சிசி வண்டியும் 390 சிசி வண்டியும் ஒரே பாதையில் ஓடினாலும் வேறு வேறு கணக்கு.

அளக்கிற கருவி

பந்தயங்களில் வண்டியில் பூட்டிய ட்ரான்ஸ்பொண்டர் என்ற சின்ன சமிக்ஞைக் கருவி, பாதைக்குக் கீழே புதைத்த கம்பியைக் கடக்கும்போது நேரம் பதிவாகும். அதன் துல்லியத்தைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். சிநேகிதன் மதிலோரம் நின்று ஸ்டொப் வாச் அமத்தினால் ஒவ்வொரு அமத்தலிலும் பத்தில் இரண்டு செக்கன் முன்பின் ஆகலாம்.

பலரும் பாவிப்பது கைத்தொலைபேசி ஜிபிஎஸ். அது வழக்கமாகச் செக்கனுக்கு ஒரு தடவைதான் இடத்தைப் பதியும்; 100 இல் போகும்போது ஒரு பதிவுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 28 மீற்றர். இடையில் நடந்ததை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. செக்கனுக்குப் பத்துத் தடவை பதிகிற தனிக் கருவியில் இது 2.8 மீற்றர். இடப் பிழையைக் கவனியுங்கள்: தொடக்கக் கோட்டை 150 இல் கடக்கிற நேர்ப்பாதையில் வைத்திருந்தால் 5 மீற்றர் பிழை 0.12 செக்கன். அதே கோட்டை 40 இல் கடக்கிற கொண்டை வளைவில் வைத்தால் 0.45 செக்கன். ஆகவே கோட்டை எப்போதும் வேகமான இடத்தில் போடுங்கள். தொலைபேசி காட்டுகிற நூறில் ஒரு செக்கனை வைத்துச் சண்டை பிடிக்கவேண்டாம்.

ஓடும்போது திரையைப் பார்க்கவே கூடாது. தொலைபேசியை உடுப்புக்குள் போட்டுவிட்டு, பிட்டுக்குள் வந்தபின் பாருங்கள்.

வண்டியால் வருகிற வித்தியாசம்

ரயர்க் காற்றை முதலில் சொல்லவேண்டும். காலையில் 30 பாகை வெப்பத்தில் 28 பீஎஸ்ஐ அடித்து, ஓடி உள்ளே வரும்போது உள்காற்று 70 பாகை ஆகியிருந்தால் மானி 33 தாண்டிக் காட்டும். அடைத்த வாயு சூடானால் அமுக்கம் கூடும் என்ற பழைய பாடம்தான். பதினொரு மணிக்குப் பிறகு வண்டி வழுக்குவதுபோல இருந்தால் உங்கள் துணிச்சல் குறைந்துவிட்டது என்று நினைக்கமுதல் மானியை வைத்துப் பாருங்கள். செஷன் முடிந்து வந்த உடனே, சூட்டோடு அளப்பதுதான் ஒப்பிடக்கூடிய எண். எவ்வளவு வைக்கவேண்டும் என்பதை அந்த ரயர்க் கம்பனி சொல்கிற அளவிலிருந்து தொடங்குங்கள்.

பிறேக் எண்ணெய் அடுத்தது. டொட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை. ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 வரைக்கும் இறங்கலாம். எங்களுடையது கடற்காற்று ஊர். வீதியில் இரண்டு மூன்று வருஷம் மாற்றாத எண்ணெயோடு கட்டுகுருந்தவுக்குப் போனால், நாலாவது சுற்றில் பிறேக் லீவர் கைப்பிடிவரை வந்துவிடும். இந்த ஒன்றுக்கு மட்டும் கராஜில் காசு பார்க்கவேண்டாம். எக்ஸோஸ்ட், ஸ்டிக்கர், பெரிய சில்லு எல்லாம் பிறகு பார்க்கலாம். நல்ல ரயரும் பயிற்றுநரோடு ஒரு நாளும் தருகிற செக்கனை அவை தராது.

பயிற்சிக்கு இங்கே என்ன செய்யலாம்? பண்ணைப் பாலத்திலோ ஏ9 இலோ நேரம் பார்த்து ஓடுவதை நான் பயிற்சியாகக் கருதுவதில்லை. மூடிய பாதையிலேயே 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பாதையை விட்டு விலகியதில் ஏழு பேர் செத்தார்கள். பொது வீதியில் ஒதுங்கவும் இடமில்லை. அனுமதி கேட்டு ஒரு வெறும் வளவில் எட்டு வடிவம் போடலாம், முழுத் தலைக்கவசத்தோடு, முப்பதைத் தாண்டாமல். திரும்ப வேண்டிய பக்கத்துக்குத் தலையை முதலில் திருப்புவதும், அக்சிலேற்றரை வெட்டி வெட்டித் திறக்காமல் ஒரே சீராகத் திறப்பதும் அந்த வேகத்திலேயே கைக்கு வந்துவிடும். போகிற பாதையின் படத்தை வெள்ளைத் தாளில் கீறி, வளைவுகளை ஒழுங்காக மனத்தில் ஓட்டிப் பார்ப்பதும் உதவும். பாதையை மனப்பாடம் செய்யவே முதல் இரண்டு செஷன் போய்விடுகிறது என்பதால், அந்த வேலையை வீட்டில் முடித்தால் அவ்வளவும் மிச்சம்.

ஒரு கொப்பி வைத்திருங்கள். ஒவ்வொரு செஷனுக்கும் நேரம், சூட்டுக் காற்றமுக்கம், யாரும் மறித்தார்களா, எந்த ஒரு விஷயத்தை மாற்றிப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு செஷனுக்கு ஒரு மாற்றம்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய செஷனில் பெரும்பாலும் எல்லோருக்கும் நேரம் கூடும். தார் சூடு, தோல் உடுப்புக்குள் வேர்வை, போதாக்குறைக்கு நித்திரையும். அடுத்த தடவை போகும்போது முதல் செஷனை முந்திய தடவையின் முதல் செஷனோடு ஒப்பிடுங்கள். கடைசிச் செஷனோடு ஒப்பிட்டால் காலை பத்து மணிக்கே மனம் விட்டுப்போகும்.